அத்தியாயம் 9: கேபினுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர்

கார்த்திகை அடைமழையில், இரவு பத்து மணிக்கு, திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்குப் பழைய லாரி ஓட்டி வந்தவருக்கு இந்த அத்தியாயம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சுமார் 15 கிலோமீட்டர்தான். ஜன்னலை இறக்கினால் சாரல் மடியில் விழும். ஏற்றினால் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிடும். கிளீனர் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டே வருவார். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் மறுபடி மூடிக்கொள்ளும். கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு நம்மவர்களிடம் வைத்தியம் உண்டு: நனைத்த புகையிலையைத் தேய்ப்பார்கள், ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தேய்ப்பார்கள். உள்பக்கம் படிவதோ நம் மூச்சு. ஈரச் சட்டையோடு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் கேபினில் காற்று ஈரம் சுமந்து நிற்கிறது. மழை பட்டுக் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அது நீராக இறங்குகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டால் இறங்காது.

அதைச் செய்வது ஹீட்டர். இதை முதல்முதலாக எங்கள் ரேடியேட்டர்காரரிடம் சொன்னபோது அவர் பற்றவைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாண்ணே, கத்திரி வெயில்ல ஹீட்டரா? ஊர்ல சிரிப்பாங்க." சிரித்தார்கள்தான். திருத்தணி வட்டாரத்தின் மே மாத வெப்பம் செய்தியில் அடிக்கடி வருவது. இங்கே லாரி கேபினைக் குளிர வைக்கத்தான் வழி தேடுவார்கள். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. அந்த வண்டிகளுக்கு நாம் சொல்வது எதுவும் தேவையில்லை. நாம் பேசுவது லேலண்ட் காமெட், பழைய டாடா-பென்ஸ், டாடா 1210 போன்றவற்றை மீட்டெடுத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு.

நம் ஊரில் ஹீட்டருக்கு மூன்று வேலை. மழைக்காலத்தில் கண்ணாடியைத் தெளிய வைப்பது. ஊட்டிக்கோ, ஆப்பிள் லோடு ஏற்றக் காஷ்மீருக்கோ போனால் கைகால் விறைக்காமல் காப்பது. மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை: மலை ஏறும்போது என்ஜின் ஹீட் ஆனால் அதன் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக் கேபினுக்குள் கொட்டுவது. ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். என்ஜினின் சுடுதண்ணீர் அதன் குழாய்களில் ஓடுகிறது. பின்னால் ஒரு ஃபேன் காற்றை ஊதுகிறது. வேறு மாயம் எதுவும் இல்லை. ஆகவே நம் ஊரில் ஹீட்டரின் முக்கியமான பாகம் சூடு தரும் கோர் இல்லை, அந்தச் சூட்டை நிறுத்தும் வால்வு. மாசி முதல் புரட்டாசி வரை அது சொட்டு விடாமல் மூடியிருக்க வேண்டும். வால்வு சரியில்லாத ஹீட்டர் நம் ஊரில் தண்டனை.

வண்டி எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்

லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயரில் இருக்கும் ஓர் ஊர். குளிர் தேசத்து ஊர் என்றாலும் அந்தக் காலத்து லாரிக்கு ஹீட்டர் அங்கேயும் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகத்தான் இருந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு லேலண்ட் காமெட் வந்தது. 1955-இல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் பூட்டிய வண்டிக்கு ஹீட்டரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பெரும்பாலும் அடிச்சட்டமும் என்ஜினும்தான் கம்பெனியிலிருந்து வரும். கேபினையும் பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகள் மரச்சட்டமும் தகடும் வைத்துக் கட்டிக் கொடுத்தன. அதனால் உங்கள் வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டருக்கென்று ஒதுக்கிய இடமோ துளையோ இருக்காது. இது ஒரு விதத்தில் நல்லது: எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம்.

டாடாவின் டெல்கோ ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்தது. அந்த ஒப்பந்தம் 1969 வரை ஓடியது. அந்தக் காலத்து வண்டியின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். இந்த இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள வேறுபாடு ஹீட்டர் பொருத்துபவருக்கு முதல் நாளே கையில் தட்டுப்படும்: மரை. பழைய லேலண்டில் இஞ்ச் மரை, டாடா-பென்ஸில் மெட்ரிக் மரை. என்ஜின் ஹெட்டில் இருக்கும் ப்ளக்கைக் கழற்றி அந்த இடத்தில் நிப்பிள் போடும்போது இரண்டையும் குழப்பினால், முதல் மூன்று சுற்று நன்றாக ஏறி நான்காவது சுற்றில் வார்ப்பிரும்பு மரையே போய்விடும். கழற்றிய ப்ளக்கை லேத்துக்கு எடுத்துக்கொண்டு போய், இதே மரையில் பித்தளை நிப்பிள் கடைந்து தரச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை.

காயலான் கடையில்

புதிய ஹீட்டரைத் தேடி அலைய வேண்டாம். சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி ஆகிய இடங்களில் உடைத்த வண்டிகளின் ஹீட்டர் கிடைக்கும். டாடா சுமோ, பொலேரோ போன்றவற்றின் ஹீட்டர் பெட்டி லாரி கேபினுக்குப் போதும். அதன் கோர் 4, 5 கிலோவாட் அளவுக்குச் சூடு கொடுக்கும். இரண்டு பேர் உட்காரும் கேபினுக்கு அதற்கு மேல் கொடுத்தால் சட்டையைக் கழற்ற வேண்டிவரும். பிளாஸ்டிக் பெட்டி பழைய வண்டிக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் கோரையும் ஃபேனையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டிங்கரிங் பட்டறையில் 20 கேஜ் தகட்டில் பெட்டி அடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். வண்டியின் அதே பச்சை பெயின்ட் அடித்துவிட்டால் 1960-லிருந்தே அங்கே இருப்பதுபோல் தெரியும்.

வாங்கும்போது மூன்று காரியம். கோரைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமாக இருப்பது பெரும்பாலும் உள்ளே உப்புக் கட்டியது. ஒரு முனையை வாயால் ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுமுனைக்கு வர வேண்டும். ஓரங்களில் வெண்மையான அல்லது பச்சையான கறை இருந்தால் அங்கே ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். ஒழுகும் செம்பு-பித்தளைக் கோரை ஈயம் வைத்துப் பற்றலாம். அலுமினியக் கோரை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எனக்கு ஒரு கோர் "கேரண்டி சார்" என்று விற்கப்பட்டது. எங்கே வாங்கினேன் என்பது முக்கியமில்லை. தொட்டியில் அமுக்கிச் சோதிக்காமல் நேரே வண்டியில் மாட்டியது என் தப்பு. நகரி தாண்டிய மேட்டில், என்ஜின் சூடேறி அழுத்தம் கூடிய நேரத்தில், ஒரு குழாய் விட்டது. சுடுதண்ணீர் கிளீனர் இருக்கையின் கீழே பீச்சியது. நல்ல வேளை, அன்று அந்த இருக்கையில் காய்கறிப் பைதான் இருந்தது. 85, 90 டிகிரித் தண்ணீர் காலில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதன்பிறகு எந்தக் கோரையும் ரேடியேட்டர்காரரின் தொட்டியில் அமுக்கி, 15 பவுண்டு காற்று ஏற்றி, பத்து நிமிஷம் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் நான் மாட்டுவதில்லை. அதற்கு முன் சிட்ரிக் அமிலம் கலந்த சுடுநீரை ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் விட்டு அலச வேண்டும். போர் தண்ணீர் ஊற்றியே ஓடிய வண்டியின் கோரிலிருந்து வெளிவரும் சேற்றைப் பார்த்தால், இத்தனை நாள் ரேடியேட்டருக்கு என்ன ஊற்றினோம் என்று வெட்கமாக இருக்கும்.

தெர்மோஸ்டாட் எங்கே போனது?

கோரைப் பொருத்துவதற்கு முன் என்ஜினின் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து பாருங்கள். பத்துக்கு ஏழு வண்டியில் உள்ளே ஒன்றும் இருக்காது என்பது என் அனுபவக் கணக்கு. "வண்டி ஹீட் ஆகுது" என்று யாரோ ஓட்டுநர் சொல்லியிருப்பார். "தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறி, தண்ணி நல்லா ஓடும்" என்று மெக்கானிக் கழற்றியிருப்பார். நம் மாநிலத்தில் மிகப் பரவலான வைத்தியம் இது. வியாதியை விட மோசமான வைத்தியமும்கூட.

தெர்மோஸ்டாட் தண்ணீரைத் தடுத்து வைப்பது என்ஜின் வேலைச் சூட்டுக்குச் சீக்கிரம் வரட்டும் என்பதற்காக. பழைய டீசல்களில் பெரும்பாலும் 80 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். அது இல்லையென்றால் மழைக்கால இரவில் தண்ணீர் 55, 60 டிகிரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டர் வெதுவெதுப்பைக்கூடக் கொடுக்காது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் ஹீட்டரைத் தொடவே இல்லை. தெர்மோஸ்டாட் போட்டுக் கொடுத்தேன். இன்னொரு விஷயமும் உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கத்திலுள்ள பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பிவிடும். ஹீட் குறையட்டும் என்று கழற்றியது ஹீட்டைக் கூட்டும் கதை இதுதான்.

புதிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்து, சமையல் தெர்மாமீட்டரோடு சோதியுங்கள். வீட்டில் திட்டு வாங்காத பழைய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் இடம், திரும்பும் இடம்

சுடுதண்ணீரை எடுக்கும் இடம் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், என்ஜின் ஹெட்டில் இருக்க வேண்டும். பின்னால் எடுத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஹீட்டருக்குத் தண்ணீரே வராது. பெரும்பாலான ஹெட்டுகளில் பின்பக்கம் அல்லது மேல்பக்கம் ஒரு ப்ளக் இருக்கும். அதையே பயன்படுத்துங்கள், வார்ப்பிரும்பில் புதிதாகத் துளை போடும் யோசனை வேண்டாம். திரும்பும் தண்ணீர் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குப் போக வேண்டும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை நடுவில் வெட்டி, லேத்தில் கடைந்த ஒரு 'டி' குழாயைச் செருகினால் போதும். அழுத்தம் அதிகமுள்ள ஹெட்டிலிருந்து, குறைவாக உள்ள பம்ப் வாய்க்கு. இந்த வித்தியாசம்தான் தண்ணீரை ஓட்டுகிறது. இரண்டையும் ஹெட்டிலேயே எடுத்துவிட்டு "தண்ணி ஓடல" என்று தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோஸ் அஞ்சு நூல், அதாவது 16 மில்லிமீட்டர் உள்விட்டம். துணி வைத்த ஹீட்டர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பைப் முதல் நாளே உப்பி இரண்டாம் நாள் வெடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து நான்கு விரல் கடை தள்ளிக் கொண்டு போங்கள். கேபின் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். தகட்டின் விளிம்பு லாரியின் நடுக்கத்தில் கத்திபோல் வேலை செய்யும்.

இனி வால்வு. ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்: ஹெட்டிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒன்று, பம்புக்குத் திரும்பும் இடத்தில் ஒன்று. இரண்டுமே கேபினுக்கு வெளியே, என்ஜின் பக்கம். தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் முழுத்துளை பித்தளை பால் வால்வு இதற்கு அருமையானது. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, இருட்டில் தடவினாலும் தெரியும். ஒரே வால்வு வைத்தால் இன்னொரு பக்கத்திலிருந்து சூடு மெல்ல ஏறிக் கோடையில் காலைச் சுடும். அதைவிட முக்கியம், கோர் நடுவழியில் விட்டால் இரண்டையும் மூடிவிட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். அந்த நகரி மேட்டில் என்னிடம் ஒரு வால்வுதான் இருந்தது. இரண்டாவது பக்கத்தை மூடக் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வேப்பங்குச்சியைச் சீவி ஹோஸில் அடித்து, கிளிப் போட்டு வந்தேன்.

உயரத்தைப் பாருங்கள். ஹீட்டர் கோர் ரேடியேட்டரின் மேல் தொட்டியை விடத் தாழ்வாக இருந்தால் நல்லது. மேலே இருந்தால் காற்று அதில்தான் போய் ஒளிந்துகொள்ளும். அப்போது கோரின் உச்சியில் ஒரு சிறிய காற்று விடும் திருகு தேவைப்படும். தண்ணீர் நிரப்பும்போது இரண்டு வால்வையும் திறந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி, ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் குமிழியை வெளியேற்றுங்கள். குளிர்ந்த என்ஜினில் தொடங்குங்கள், சூடான என்ஜினின் மூடியைத் திறக்காதீர்கள் என்பதை லாரிக்காரருக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சோதனை சுலபம். என்ஜின் சூடான பிறகு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் ஓடுகிறது. போகும் ஹோஸ் சுட்டு, திரும்பும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் காற்றோ அடைப்போ. இரண்டும் குளிர்ந்திருந்தால் வால்வு, அல்லது மறுபடி அந்தத் தெர்மோஸ்டாட்.

காற்று, கண்ணாடி

பெட்டியைக் கிளீனர் பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள். ஓட்டுநரின் பெடல் பக்கம் எதையும் தொங்கவிடக் கூடாது. 1210 எஸ்.இ. போன்ற செமி ஃபார்வர்டு வண்டிகளில் என்ஜினின் பாதி கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும், நடுவில் இடமே இருக்காது. அந்த என்ஜின் பெட்டியின் சந்துகளை முதலில் அடையுங்கள். அவற்றின் வழியாகக் கோடையில் சூடும், எப்போதும் புகையும் வரும். பழைய வண்டியில் நார் நாராக வெள்ளை நிறத்தில் ஏதாவது பாய் ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள், நனைத்து, முகமூடி போட்டு, பையில் கட்டுங்கள்.

கண்ணாடிக்குத்தான் முதல் மரியாதை. பழைய லாரிகளின் முன்கண்ணாடி நடுவில் கட்டை வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல் அகலமுள்ள நீண்ட வாய் தேவை. பெட்டியிலிருந்து இரண்டு இஞ்ச் மடிப்புக் குழாய் இரண்டு போதும். ஃபேன் கேபினுக்குள் இருக்கும் காற்றையே திருப்பித் திருப்பி இழுத்தால் நம் மூச்சின் ஈரத்தையே கண்ணாடியில் ஊதிக்கொண்டிருப்போம். வெளிக்காற்றை எடுக்கும் வழி ஒன்று, மழைத்தண்ணீர் நுழையாத மாதிரி முகத்தடுப்போடு, பக்கவாட்டில் வையுங்கள். காரில் ஏ.சி. போட்டால் கண்ணாடி தெளிவதற்குக் காரணம் அது காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுப்பது, நம்மிடம் ஏ.சி. இல்லை, ஆகவே வெளிக்காற்றையும் சூட்டையும் நம்புகிறோம்.

அறுபது, எழுபதுகளின் வண்டியை அசலாக வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேபினில் புதுத் துளை போடாதீர்கள். 50 வயது தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், அடிச்சட்டத்திலும் பாடியிலும் என்ஜினிலும் மாற்றம் செய்யாத வண்டியைத்தான் ஏற்கின்றன. அவை இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானவை. சரக்கு லாரியின் நிலைமை வேறு. இருந்தாலும் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளிலும் பழைய கேபிள் வழிகளிலும் நுழைத்துப் பொருத்திய ஹீட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிவிடலாம்.

மின்சாரம்

இதில் தப்பு செய்பவர்களே அதிகம். லாரியில் இரண்டு பேட்டரி வரிசையாக இணைந்து 24 வோல்ட் கொடுக்கலாம்; சுமோவின் ஃபேன் 12 வோல்ட். "ஒரு பேட்டரியில் மட்டும் வயர் எடுத்துக்கோ" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கேட்காதீர்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் காலியாகும். மற்றது நிரம்பி வழிந்து கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போகும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது, 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். இல்லையென்றால் 24 வோல்ட் பஸ் ஃபேன் ஒன்றைக் காயலான் கடையில் பிடியுங்கள்.

இரண்டாவது, பழைய பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிடிவ் முனை சட்டத்தோடு எர்த் ஆகியிருக்கும். அதில் இன்றைய காந்த மோட்டாரை அப்படியே மாட்டினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். காற்று வரும், ஆனால் பாதிதான் வரும். வயர் முனைகளை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். மோட்டாரின் உடல் எர்த் ஆகாத வகையா என்று முதலில் பாருங்கள். அதன் ஒரு முனை உடலோடு சேர்ந்திருந்தால் ரப்பரும் பேக்கலைட்டும் வைத்துத் தனிமைப்படுத்த வேண்டும். கன்வெர்ட்டர் பெரும்பாலும் நெகடிவ் எர்த்துக்குச் செய்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தனி ஃப்யூஸ், தனி ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் ஒன்றாக ஓடும். டைனமோ வண்டியென்றால் ஐடிலில் அது இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. ஆம்பியர் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஃபேனை மெதுவான வேகத்துக்குக் குறையுங்கள். கண்ணாடி தெளிய அதுவே போதும்.

மலைக்கு

நம் ஊரிலிருந்து போகக்கூடிய நல்ல சோதனை மைதானம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு. பாதி லோடோடு ஏறுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகரும்போது ஓரம் கட்டி இரண்டு வால்வையும் திறந்து, ஜன்னல் இரண்டையும் இறக்கி, ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். கேபின் அடுப்பாகும், முள் நிற்கும், சில வண்டிகளில் இறங்கும். கணக்கு இதுதான்: 110 குதிரைத்திறன் என்ஜின் முழு மூச்சில் ஏறும்போது தண்ணீருக்குப் போகும் சூடு சுமார் 50 கிலோவாட், அதில் 5 கிலோவாட்டை ஹீட்டர் வாங்கிக்கொள்கிறது. பத்தில் ஒரு பங்கு. கொதிக்குமா கொதிக்காதா என்ற எல்லையில் நிற்கும் என்ஜினுக்கு அந்தப் பத்தில் ஒன்று பெரிய உதவி. தினமும் இதை நம்பி ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அதைப் பாருங்கள்.

ஊட்டி மார்கழியில் உறைபனி பெய்யும் ஊர். அங்கே ஓரிரவு நிற்கவோ, காஷ்மீர் போகவோ திட்டமிருந்தால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. நம் ஊரிலேயே ஓடினாலும் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் இருப்பது நல்லது. எட்டு மாதம் மூடிய வால்வுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் கோரைத் துருவும் உப்பும் தின்னவிடாமல் அது காக்கும். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பட்டறை நாய் நக்கும் இடத்தில் சிந்தவிடாதீர்கள்.

தண்ணீர் ஹீட்டருக்கு என்ஜின் ஓட வேண்டும். வண்டியை நிறுத்தித் தூங்குபவருக்கு அது உதவாது. வடக்கே பனிக்காலத்தில் கேபினுக்குள் கரி அடுப்பை வைத்து, ஜன்னலை ஏற்றிவிட்டுத் தூங்கி, எழுந்திருக்காமலே போன ஓட்டுநர்கள் ஏராளம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கம் போலவே வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அப்படியே. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றித் தகடு அடித்து அந்தச் சூட்டைக் கேபினுக்குள் விடும் பழைய உத்தியையும் செய்யாதீர்கள். குழாயில் ஒரு ஊசித்துளை போதும். படுத்துத் தூங்கவும் சூடு வேண்டுமென்றால் வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் வகை டீசல் ஹீட்டர் இருக்கிறது. 2 கிலோவாட் அளவுள்ளது மணிக்குக் கால் லிட்டர் டீசல் வாக்கில்தான் குடிக்கும். எரியும் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும். புகைக் குழாயின் வாய் கேபினின் அடியில் முடியாமல் பக்கவாட்டில் நீண்டு நிற்க வேண்டும், தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோமே, அன்றைக்கே ஹீட்டரையும் எழுப்பிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம் அது. மாலை போடுவதற்கு முன் இரண்டு வால்வையும் நான்கு முறை திறந்து மூடுங்கள். எட்டு மாதம் அசையாத பால் வால்வு பிடித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டால் இளகும். கிளிப்புகளை அரைச் சுற்று இறுக்குங்கள். கண்ணாடி வாய்க்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. வால்வு இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் 'மழை – திற', 'வெயில் – மூடு' என்று எழுதிவையுங்கள். அடுத்த ஓட்டுநர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.